சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறலாமா? பெங்களூர் நிலவரம், கம், பேட்ச், மாத்திரை பற்றி தெரிஞ்சவங்க சொல்லுங்க

#1 கதிர்_மாரத்தஹள்ளி

வணக்கம் நண்பர்களே. ஐ.டி. பூங்கா வாசல்ல இருக்கிற சில பெட்டிக்கடைகள்ல மாம்பழம், புதினா வாசனைன்னு கலர் கலரா வேப் (பேட்டரியில ஓடற இ-சிகரெட்) மறைச்சு வெச்சு விக்கிறாங்க. "சிகரெட்ல தார் இருக்கு, இதுல இல்ல, வெளிநாட்டுல டாக்டரே இதைத்தான் குடுக்கறாங்க"ன்னு சொல்லித்தான் வியாபாரம் நடக்குது. நாளைக்கு 12, 15 பிடிக்கிற நம்ம பசங்க பலர் நிஜமாவே விட ஆசைப்பட்டு இதுக்கு மாறலாமான்னு கேக்கறாங்க.

மூணு விஷயம் தெளிவாகணும். சட்டம் என்ன சொல்லுது? இங்க கிடைக்கிற சாதனம் வெளிநாட்டு ஆய்வுகள்ல வர்ற அதே சாதனமா? அப்புறம், "நிக்கோட்டின் கம் வேலையே செய்யல"ன்னு பாதிப் பேர் சொல்றாங்களே, அது ஏன்?

#2 சட்டப்புள்ளி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கர்நாடகத்தில் இ-சிகரெட்டுக்கு 2016-லேயே தடை வந்துவிட்டது. நாடு முழுக்க 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வந்தது, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாக ஆனது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுபோவது, விற்பனை, விநியோகம், இருப்பு வைப்பது, விளம்பரம் எல்லாமே தடைப் பட்டியலில் உள்ளன. முதல் முறை பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்று வருடம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்ததற்கு மட்டும் தனியாக ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள் உண்டு. "நிக்கோட்டின் இல்லாத வேப் பரவாயில்லை" என்பார்கள். சட்டத்தின் வரையறையிலேயே நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று இருக்கிறது. புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவிகளும் இ-ஹூக்காவும் அதே வரையறைக்குள்தான். "துபாயிலிருந்து வரும் மச்சான் ஒன்று கொண்டு வரட்டும்" என்றால் அது இறக்குமதி, விமான நிலையத்தில் சுங்கத்துறை எடுத்துக்கொள்ளும். விமானத்திலும் கைப்பை, பெட்டி இரண்டிலுமே அனுமதி கிடையாது.

புகைப்பது என்ற சொல் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை, அது உண்மை. ஆனால் வாங்கியது எங்கே, வீட்டில் எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேள்வி வரும்போது அந்த இடைவெளி யாரையும் காப்பாற்றாது.

#3 மின்சுற்று

ரெண்டாவது கேள்வி என் பக்கம். வேப் உள்ள நாலே சாமான்தான். லித்தியம் பேட்டரி, கம்பிச்சுருள், அதைச் சுத்தின பஞ்சு, பஞ்சு ஊறிக் கிடக்கிற திரவம். திரவத்துல புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள். இழுத்தா சென்சார் சுருளுக்கு கரண்ட் விடும், திரவம் ஆவியாகும். சிகரெட் நுனி இழுக்கும்போது சுமார் 900 டிகிரிக்குப் போய் இலையை எரிக்குது. தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிப்பிலேருந்துதான் பிறக்குது. வேப்ல எரிப்பு இல்ல, அதனால அந்த ரெண்டும் பெரும்பாலும் இல்ல. இந்த வாதத்துல உண்மை இருக்கு, நான் மறுக்கல.

சிக்கல் எங்கேன்னா பஞ்சுல. திரவம் தீரத் தீர, இல்ல ஒண்ணு மேல ஒண்ணா வேகமா இழுக்க இழுக்க, பஞ்சு நடுவுல காயும். காஞ்ச இடத்துல சுருள் சூடு சட்டுனு ஏறும். அப்ப கிளிசரினும் கிளைக்காலும் உடைஞ்சு ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரி எரிச்சல் வாயுக்கள் வரும். தொண்டையைப் பிடிக்கிற மாதிரி தீஞ்ச ருசி வந்தா அதுதான். நல்ல கருவில சூட்டுக் கட்டுப்பாடு இருக்கும், சுருளையும் மாத்தலாம். இங்க மறைச்சு விக்கிறது பெரும்பாலும் தூக்கி எறியற ரகம். திரவம் எவ்வளவு மிச்சம்னு வெளியில தெரியாது, சுருளை மாத்தவும் முடியாது. தீஞ்ச ருசியை மாம்பழ வாசனை மூடிடும், ஆள் இழுத்துக்கிட்டே இருப்பார்.

அடுத்தது நிக்கோட்டின் அளவு. பிரிட்டன்ல, ஐரோப்பிய ஒன்றியத்துல ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல விக்கக் கூடாது. இங்க வர்ற சரக்குல பல பெட்டியில 5 சதவீதம்னு போட்டிருக்கும். அது மில்லிலிட்டருக்கு 50 மி.கி.க்குப் பக்கம், ரெண்டரை மடங்கு. அதுவும் நிக்கோட்டின் உப்பு வடிவம். சாதா நிக்கோட்டின் காரத்தன்மை உள்ளது, அளவு கூடினா தொண்டை எரிஞ்சு நாமே நிறுத்திடுவோம். பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கினா அந்த எரிச்சல் போயிடும், எவ்வளவு உள்ள போனாலும் தெரியாது. பெட்டி மேல போட்ட எண்ணாவது நிஜமான்னு பார்க்க இங்க எந்த ஆய்வகமும் சரக்கைச் சோதிக்கிறதில்ல. விக்கிறதே குற்றம்கிறப்ப யார் சோதிப்பா?

வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு கிடந்தா: குழந்தை கைக்கு எட்டாம வைங்க, திரவம் கொஞ்சம் வாயில போனாலே குழந்தைக்கு ஆபத்து. குப்பைத் தொட்டியில போடாதீங்க, உள்ள லித்தியம் இருக்கு, குப்பை வண்டியில நசுங்கினா தீப்பிடிக்கும். மின்கழிவு எடுக்கிறவங்க கிட்ட குடுங்க.

#4 கதிர்_மாரத்தஹள்ளி

நன்றி மின்சுற்று அண்ணா. அப்ப வெளிநாட்டு ஆய்வு சொல்றது பொய்யா?

#5 ஏரிக்கரை

பொய் இல்லை கதிர். முழுசாப் படிக்கணும், அவ்வளவுதான்.

அதிகமா மேற்கோள் காட்டப்படுறது 2019-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த பிரிட்டிஷ் ஆய்வு. 886 பேர். பாதிப் பேருக்கு வேப், பாதிப் பேருக்கு மெல்ற கம், தோல்ல ஒட்டற பேட்ச் மாதிரி நிக்கோட்டின் மருந்து. ஒரு வருஷம் கழிச்சு சிகரெட்டை விட்டிருந்தவங்க வேப் பக்கம் 18 சதவீதம், மருந்துப் பக்கம் 9.9. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கடைக்காரர் சொல்றது இதோட நின்னுடும்.

மிச்சத்தையும் பாருங்க. அங்க குடுத்தது திரும்ப நிரப்புற கருவி, 18 மி.கி. அளவுள்ள திரவம். ரெண்டு பக்கமும் நாலு வாரம், வாரம் ஒரு முறை ஆலோசகர் நேர்ல உக்காந்து பேசினாங்க. அப்படியும் வேப்பால விட்டவங்கள்ல 80 சதவீதம் பேர் வருஷக் கடைசியிலயும் வேப் பிடிச்சிட்டுத்தான் இருந்தாங்க. மருந்துப் பக்கம் அந்தக் கணக்கு 9 சதவீதம்.

2019, 20-ல அமெரிக்காவுல நடந்ததையும் சேர்த்துப் பாருங்க. நுரையீரல் பாதிச்சு 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனாங்க, இல்ல இறந்தாங்க, அதுல 68 பேர் உயிர் போச்சு. முக்கியக் காரணம் கஞ்சாச் சாறு கலந்த திரவத்துல கெட்டியாக்கறதுக்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட். அந்தச் சரக்கு பெரும்பாலும் கள்ளச்சந்தையிலேருந்து வந்தது. நான் கவனிக்கச் சொல்ற பாடம் அதுதான். கலக்குறது யார்னு தெரியாத திரவம், ஆய்வுல சோதிச்ச திரவம் கிடையாது. பெங்களூர்ல கிடைக்கிறது முதல் வகை.

இன்னொண்ணு. பலர் வேப்புக்கு மாறலை, ரெண்டையும் வெச்சுக்கறாங்க. ஆபீஸ் கழிப்பறையில வேப், வெளியில டீயோட சிகரெட். "15 பிடிச்சவன் இப்ப 4 தான்"னு நிம்மதி. இதயத்தைப் பொறுத்தவரை அந்த நிம்மதி சரியில்லை. நாளைக்கு ஒண்ணே ஒண்ணு பிடிக்கிறவருக்கே, 20 பிடிக்கிறவரோட கூடுதல் இதய ஆபத்துல கிட்டத்தட்ட பாதி இருக்குன்னு 2018-ல பல ஆய்வுகளைச் சேர்த்து பி.எம்.ஜே.ங்கற பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க. குறைக்கிறது வேற, விடுறது வேற.

#6 மருந்துப்பெட்டி

மூணாவது கேள்விக்காகவே உள்ள வந்தேன். மருந்துக் கடை கவுன்டர்ல தினம் நடக்கிற தப்பு இது. கம் வேலை செய்யலைன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க அதை பபிள்கம் மாதிரி மென்னு முழுங்கறாங்க. நிக்கோட்டின் எச்சிலோட வயித்துக்குப் போனா குடல்லேருந்து நேரா கல்லீரல். அங்க பெரும்பகுதி உடைஞ்சிடும், மூளைக்கு வர்றது சொற்பம். வயித்துக்குப் போனது சும்மாவும் இருக்காது: விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். ஆக, பலன் இல்ல, தொந்தரவு மட்டும். ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டுடறாங்க.

நிக்கோட்டின் ஏற வேண்டியது கன்னத்தோட உட்சதை வழியா. முறை இதுதான். ஒரு கம் வாயில போட்டு மெதுவா மெல்லுங்க. பத்துப் பதினைஞ்சு கடியில மிளகு கடிச்ச மாதிரி சுருக்குனு ஒரு காரம் வரும், ஈறு லேசா விறுவிறுக்கும். அந்த நொடியே மெல்றதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கிடுங்க. வெத்திலை ஒதுக்கற மாதிரி. ஒரு நிமிஷம் போல சும்மா இருக்கணும். விறுவிறுப்பு அடங்கினதும் மறுபடி ரெண்டு மூணு கடி, காரம் வந்ததும் இந்த முறை அடுத்த கன்னத்துல ஒதுக்குங்க. இப்படியே அரை மணி. கடைசியில மென்னாலும் காரம் வராது, அப்ப காகிதத்துல சுருட்டிப் போடுங்க.

கம்முக்கு முன்னாடி 15 நிமிஷமும் வாயில இருக்கும்போதும் காபி, ஜூஸ், கோலா எதுவும் கூடாது. அதெல்லாம் அமிலம். எச்சில்ல அமிலம் கூடினா நிக்கோட்டின் சதைக்குள்ள ஊடுருவாது. தண்ணி பரவாயில்லை. நம்ம ஆட்கள் செய்யறது நேர் எதிர்: தர்ஷினியில (நின்னு சாப்பிடற சின்ன ஹோட்டல்) காபியைக் குடிச்சுட்டு, உடனே தம் நினைப்பு வரும், உடனே கம். அந்தக் கம் வீண்.

அளவு: காலையில எழுந்து அரை மணிக்குள்ள முதல் சிகரெட் பிடிக்கிறவருக்கு 4 மி.கி., அதுக்கப்புறம் பிடிக்கிறவருக்கு 2 மி.கி. நாளைக்கு எத்தனைங்கறதை விட இந்த அரை மணிக் கணக்குதான் பிடிப்பு எவ்வளவுன்னு காட்டும். நம்ம நாட்டுல 2 மி.கி. சீட்டு இல்லாம கிடைக்கும், 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேணும். சீட்டு வாங்க சோம்பல் பட்டு 2 மி.கி.லேயே தத்தளிக்கிறவங்க நிறைய.

எப்ப போடறது? தம் நினைப்பு வந்தப்புறம் இல்ல, வர்றதுக்கு முன்னாடி. கம்லேருந்து நிக்கோட்டின் ரத்தத்துல உச்சத்துக்கு வர 20, 30 நிமிஷம் ஆகும். சிகரெட் சில நொடியில மூளையைத் தொடும். தவிப்பு வந்தப்புறம் கம்மைப் போட்டு "ஒண்ணும் ஆகலையே"ன்னா ஆகாதுதான். முதல் 6 வாரம் மணி பார்த்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணிக்கு ஒண்ணு, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணிக்கு ஒண்ணு. நாளைக்கு 24-க்கு மேல போகக் கூடாது. ஒரு 2 மி.கி. கம்ல முறையா மென்னா உடம்புல ஏறுறது 1 மி.கி. போல, ஒரு சிகரெட்லேருந்து கிடைக்கிறதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 15 சிகரெட் பிடிச்சவர் நாளைக்கு 3 கம் போட்டா எப்படிப் போதும்?

கட்டுப்பல், பல் பாலம் இருக்கிறவங்களுக்கு கம் ஒட்டும், சப்புற மாத்திரை வாங்குங்க. அதையும் கடிக்கவோ முழுங்கவோ கூடாது.

#7 வெள்ளைக்களம்_ரேவதி

மருந்துப்பெட்டி சார், பேட்ச் பத்தியும் சொல்லுங்க. ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாதுன்னு எங்க டீம்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். பேட்ச் ஒட்டிட்டு ஒரு தம் அடிச்சா மாரடைப்பு வரும்னும் சொல்றார்.

#8 மருந்துப்பெட்டி

ரேவதிம்மா, சேர்த்துப் போடறதுதான் தனியாப் போடறதை விட நல்லா வேலை செய்யுது. பேட்ச் நாள் முழுக்க ஒரே சீரா நிக்கோட்டின் விடும், அது அடிப்படைத் தவிப்பைப் பார்த்துக்கும். டீ நேரம், சண்டை, சில்க் போர்டு ட்ராஃபிக்னு திடீர்னு கை நமநமக்கறப்ப அதுக்கு மேல ஒரு 2 மி.கி. கம்.

நாளைக்கு 10-க்கு மேல பிடிக்கிறவருக்கு 21 மி.கி. பேட்ச் 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். அதுக்குக் கீழ பிடிக்கிறவர் 14-ல ஆரம்பிச்சு 6 வாரம், அப்புறம் 7, ரெண்டு வாரம். மேல் கை, தோள், மார்பு, முதுகுன்னு முடி இல்லாத, காஞ்ச சதையில ஒட்டணும். குளிச்சவுடனே எண்ணெயோ க்ரீமோ தடவிட்டு ஒட்டினா பிடிக்காது. உள்ளங்கையால 10 நொடி அழுத்திப் பிடிங்க, ஓரத்தைத் தனியா அழுத்துங்க, அங்கதான் முதல்ல கிளம்பும். தினம் இடம் மாத்தணும், இல்லன்னா தடிச்சு அரிக்கும். கத்தரிச்சு ஒட்ட வேண்டாம். கழட்டினதை ஒட்டுப் பக்கம் உள்ள இருக்க மடிச்சுப் போடுங்க, பழைய பேட்ச்லயும் குழந்தைக்கு ஆபத்தான அளவு மிச்சம் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனா கழட்டிடுங்க, சில பேட்ச் முதுகுல அலுமினியம் இருக்கு, சதை சுடும்.

அந்த மாரடைப்புக் கதைக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. ஒரு தம் தவறிப் பிடிச்சிட்டா பேட்ச்சை உரிச்சுப் போடறதுதான் பெரிய தப்பு. அது அங்கயே இருக்கட்டும், அடுத்த தம் வேண்டாம், அவ்வளவுதான். சமீபத்துல மாரடைப்பு வந்தவங்க, கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

#9 டிகாக்‌ஷன்

காபி பத்தி மருந்துப்பெட்டி சொன்னதுல பாதிதான் வந்திருக்கு. மீதியும் நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்ப முக்கியம்.

சிகரெட் புகையில இருக்கிற சில ஹைட்ரோகார்பன்கள் கல்லீரல்ல ஒரு நொதியைத் தூண்டி விடும். காஃபீனை உடைக்கிறது அதே நொதிதான். அதனால புகைக்கிறவர் உடம்பு காபியை வேகமா எரிச்சிடும், நாலு டம்ளர் குடிச்சாலும் தூக்கம் வரும். சிகரெட்டை நிறுத்தினா மூணு நாலு நாள்லயே அந்த நொதி கணிசமா இறங்கிடும். குடிக்கிறது அதே நாலு டம்ளர், ரத்தத்துல நிக்கிற காஃபீன் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், ராத்திரி முழிப்பு. ஆள் என்ன நினைப்பார்? "சிகரெட் இல்லாமதான் இப்படி ஆவுது"ன்னு நினைச்சு ஒண்ணைப் பத்த வெப்பார். அந்த நடுக்கத்துல பாதி டிகாக்‌ஷனோட வேலை.

விடுற அன்னைக்கே காபியைப் பாதியாக்குங்க. நாலு டம்ளர்னா ரெண்டு, மதியம் மூணு மணிக்கு மேல வேண்டாம். டீயும் கணக்குல சேரும்.

தூண்டுறது புகை, நிக்கோட்டின் இல்ல. அதனால கம், பேட்ச், ஏன் வேப்புக்கு மாறினாலும் இதே கதைதான். ஓலன்சபின், க்ளோசபின், தியோஃபிலின் சாப்பிடுறவங்க புகையை நிறுத்தறதுக்கு முன்னாடி அவசியம் மருத்துவர்கிட்ட சொல்லணும். அந்த மருந்துகளும் இதே நொதியால உடையறவை, திடீர்னு ரத்தத்துல அளவு ஏறிடும்.

#10 கதிர்_மாரத்தஹள்ளி

டிகாக்‌ஷன் அண்ணா, இதை யாருமே சொன்னதில்ல. மாத்திரை பத்தி யாராவது?

#11 ஏரிக்கரை

வரெனிக்ளின். மூளையில நிக்கோட்டின் போய் உக்கார்ற அதே இடத்துல இது போய் உக்காந்து, லேசாத் தூண்டும். தவிப்பு குறையும், நடுவுல சிகரெட் பிடிச்சாலும் அந்தச் சுகம் கிடைக்காது. விடுற நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும். முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7-ம் நாள் வரை 0.5 ரெண்டு வேளை, 8-ம் நாள்லேருந்து 1 மி.கி. ரெண்டு வேளை, மொத்தம் 12 வாரம். பெரிய தொந்தரவு குமட்டல். வெறும் வயித்துல போடறவங்கதான் நிறுத்திடறாங்க. சாப்பிட்டு முடிச்சு ஒரு டம்ளர் தண்ணியோட போட்டா பெரும்பாலும் தாங்கும். கனவு அதிகமா வந்தா ராத்திரி மாத்திரையைச் சாயங்காலச் சாப்பாட்டோட முன்னாடி தள்ளுங்க.

மனநிலையைக் கெடுக்கும்னு ஒரு பயம் பரவிக் கிடக்கு. 2016-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த, சுமார் 8,000 பேர் கலந்துக்கிட்ட ஆய்வுல மருந்தே இல்லாத வெத்து மாத்திரையை விட அந்த ஆபத்து குறிப்பிடும்படியா கூடலை. அதுக்கப்புறம் அமெரிக்க மருந்துத் துறை அட்டையில இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை (அவங்க போடற மிகக் கடுமையான எச்சரிக்கை) எடுத்துட்டாங்க. ஆனாலும் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து. சிறுநீரகம் மோசமா இருந்தா அளவைக் குறைக்கணும். பூப்ரோபியான்னு இன்னொண்ணு இருக்கு, வலிப்பு வந்தவங்களுக்கு அது ஆகாது.

#12 சீராம்புரம்_முத்து

எல்லாரும் சிகரெட் பத்தியே பேசறீங்க. எங்க பக்கம் மூட்டை தூக்குறவங்க, பெயின்ட் அடிக்கிறவங்க எல்லாம் பீடி. ஒரு கட்டு, ஒன்றரைக் கட்டு. பீடியில இலைதானே, கம்மி நிக்கோட்டின்னு சொல்றாங்க. அவங்களுக்கு இந்தக் கணக்கு எப்படி?

#13 மருந்துப்பெட்டி

முத்து, நீங்க கேட்டது நல்லதாப் போச்சு. 2016-17 தேசியக் கணக்கெடுப்புல நம்ம நாட்டுப் பெரியவங்கள்ல சிகரெட் பிடிக்கிறவங்க 4 சதவீதம், பீடி 7.7 சதவீதம். வேப் பத்தின பேச்செல்லாம் அந்த 4-க்குள்ளதான் சுத்துது.

பீடியில தூள் கம்மிதான். ஆனா தெண்டு இலையில காத்து புகாது, அடிக்கடி அணையும். அணையாம இருக்க வேகமா, ஆழமா, அதிக தடவை இழுக்கணும். அதனால ஒரு பீடியிலேருந்து போற தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டை விடக் கம்மின்னு நினைக்கவே கூடாது. மருந்தைப் பொறுத்தவரை பீடியை சிகரெட்டாவே எண்ணுங்க, அரை மணிக் கணக்கையும் அப்படியே பாருங்க. வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு பேட்ச் வேர்வையில கழண்டுடும், கம் தோதா இருக்கும்.

பீடியோட ஹான்ஸ், குட்கா ஒதுக்கற பழக்கமும் இருந்தா அதை முதல்லயே கேட்டுக்கோங்க. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைக் கூட்டிக்கிட்டா நிக்கோட்டின் கணக்கு இறங்கவே இறங்காது. வாய்க்குள்ள வெள்ளைத் திட்டோ, மூணு வாரமா ஆறாத புண்ணோ, வாய் முழுசாத் திறக்க முடியாமையோ இருந்தா கம்மெல்லாம் அப்புறம், முதல்ல பல் மருத்துவர்கிட்ட காட்டுங்க.

செலவுன்னா ஹோசூர் ரோடுல இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க, போதை விடுவிப்புப் பிரிவு இருக்கு. 1800-11-2356 தேசிய உதவி எண், கட்டணம் இல்ல. தென்னிந்திய மொழிகளுக்கான அழைப்பை நிம்ஹான்ஸ்தான் பார்க்குது, தமிழ்லயே பேசலாம். அவங்களே விடுற தேதி குறிச்சு, நடுவுல திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு நீங்களே போன் போட்டுக் குடுங்க முத்து. அந்த ஒரு உதவி போதும்.

#14 வெள்ளைக்களம்_ரேவதி

இன்ஷூரன்ஸ் எடுக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு. "புகைப்பவரா"ங்கறதுக்கு ரத்தத்துலயோ சிறுநீர்லயோ கோட்டினின் பார்ப்பாங்க. அது நிக்கோட்டின் உடைஞ்சு வர்ற பொருள். கம், பேட்ச், வேப் எது போட்டாலும் வரும், சிகரெட்டா பேட்ச்சான்னு அந்தச் சோதனைக்குத் தெரியாது. படிவத்துல நிக்கோட்டின் மருந்து எடுக்கறதை மறைக்காம எழுதுங்க. மறைச்சா பின்னால இழப்பீடு கேக்கறப்ப பிரச்சினை. மூச்சுல கார்பன் மோனாக்சைடு பார்க்கிற ஊதுகருவி வேற, அதுல கம், பேட்ச் காட்டாது. கடைசி சிகரெட்டுக்கு அப்புறம் ஒரு நாள்ல அந்த எண் சாதாரண அளவுக்கு வந்துடும். விட்டவருக்கு அந்த எண் இறங்கறதைக் கண்ணால பார்க்கறது பெரிய தெம்பு. கிளினிக்ல இருந்தா ஊதிப் பாருங்க.

#15 கதிர்_மாரத்தஹள்ளி

கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறதா, ஒரே நாள்ல விடுறதா? பசங்க கேக்கற அடுத்த கேள்வி இதுதான்.

#16 ஏரிக்கரை

தேதி குறிச்சு ஒரே நாள்ல. 2016-ல சுமார் 700 பேர் வெச்சு நடந்த பிரிட்டிஷ் ஆய்வுல, திடீர்னு விட்டவங்கள்ல 49 சதவீதம் பேர் நாலாவது வாரம் வரை தாக்குப் பிடிச்சாங்க, படிப்படியா குறைச்சவங்கள்ல 39. ரெண்டு பக்கமும் நிக்கோட்டின் மருந்து இருந்தது. குறைச்சுத்தான் விட முடியும்னு ஒருத்தர் பிடிவாதமா இருந்தா அதையும் தடுக்க வேண்டாம். ஆனா கடைசித் தேதி எழுதி வெச்சிருக்கணும்.

தவிப்பு உச்சம் முதல் ரெண்டு மூணு நாள், அப்புறம் இறங்கி ரெண்டுலேருந்து நாலு வாரத்துல அடங்கும். ஆபீஸ்ல திங்கள்கிழமை சாஃப்ட்வேர் ரிலீஸ் வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்காதீங்க. வியாழன் ராத்திரி கடைசியா வெச்சா வெள்ளி வீட்டுலேருந்து வேலை, சனி, ஞாயிறுன்னு மோசமான மூணு நாளும் பெட்டிக்கடைக்குத் தள்ளியே கழியும். அந்த நாள்ல இருமல் கூடும், வாய்ப்புண் வரும், மலச்சிக்கல் வரும். மூணும் எதிர்பார்க்க வேண்டியதுதான். தண்ணி, கீரை, நடை. ஒரு வருஷத்துல சராசரியா 4, 5 கிலோ ஏறும், அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. தெரியாம ஏறினா அதைக் காரணம் காட்டித் திரும்பப் பிடிப்பாங்க.

#17 கதிர்_மாரத்தஹள்ளி

நாலு பேருக்கு அடுத்த வியாழன் குறிச்சாச்சு. ரெண்டு பேருக்கு 4 மி.கி. சீட்டு வாங்கணும். அதுல ஒருத்தர் 21 பேட்ச் ஒட்டிட்டு வெள்ளி ராத்திரி சேலத்துக்கு பஸ்ல போறார். ராத்திரி பேட்ச் இருக்கணுமா, கழட்டணுமா? வழியில கழண்டு விழுந்தா?

#18 மருந்துப்பெட்டி

பஸ்ல தூங்கப் போறார்னா முதல் ராத்திரி இருக்கட்டும். கண்டபடி கனவு வந்து தூக்கம் கெட்டா மறுநாள்லேருந்து படுக்கும்போது கழட்டிடட்டும். ஆனா கழட்டினா காலையில ரத்தத்துல நிக்கோட்டின் ரொம்பக் கம்மியா இருக்கும், புதுசு ஒட்டினாலும் வேலை செய்ய ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அதனால எழுந்தவுடனே, சேலம் பஸ் ஸ்டாண்டு காபிக்கு முன்னாடியே, கம் ஒண்ணு கன்னத்துல ஒதுக்கிடணும்.

கழண்டு விழுந்தா பழசை மறுபடி அழுத்தி ஒட்ட வேண்டாம், பிடிக்காது. வேற இடத்துல புதுசு ஒட்டிட்டு, மறுநாள் வழக்கமான நேரத்துக்கு மாத்தச் சொல்லுங்க. பையில ரெண்டு பேட்ச் கூடுதலா இருக்கட்டும். பஸ் சாப்பாட்டுக்கு நிக்கிற இடத்துல கடையில சிகரெட் தொங்கும், நம்ம பேட்ச் கிடைக்காது.